ஸாவும் படியும்: ஃபித்ரா அரிசியின் அளவு நம் கைக்கு வந்த வழி



ரமழானின் கடைசிப் பத்து நாள்கள் வந்துவிட்டால் பள்ளிவாசல்களின் அறிவிப்புப் பலகையில் ஒரு புதிய வரி சேரும். அந்த ஆண்டுக்குரிய ஸதகத்துல் ஃபித்ர் தலைக்கு எவ்வளவு என்பதே அந்த வரி. தென்சென்னையில் வாழும் நம் குடும்பங்களுக்கு ஒரே பள்ளிவாசலில் தொழும் வாய்ப்பு எப்போதும் அமைவதில்லை. அஸர் தொழுகை தியாகராய நகரில் அலுவலகத்தின் அருகே, இஃப்தார் மயிலாப்பூரில் உறவினர் வீட்டில், தராவீஹ் அடையாற்றில் என்று ஒரே நாள் மூன்று இடங்களில் கழியும். அப்படி ஒரு நாளில் மூன்று அறிவிப்புகளைக் கண்டோம். ஒன்றில் 1 கிலோ 633 கிராம் கோதுமையின் விலை என்றிருந்தது. மற்றொன்றில் இரண்டரைக் கிலோ அரிசி. வேறொன்றில் மூன்று கிலோ அரிசி. வீடு திரும்பியதும் பிள்ளைகள் கேட்டார்கள்: "நபி (ஸல்) அவர்கள் விதித்தது ஒரே அளவுதானே, அது எப்படி மூன்றானது?"

நியாயமான கேள்வி. இதற்கு விடை தேடப் புகுந்தால் மதீனாவின் பேரீச்சந்தோட்டம், பக்தாதின் அங்காடி, பழைய மதராஸின் அரிசிக்கடை எனப் பல இடங்களைக் கடந்து, கடைசியில் நம் வீட்டு அரிசிப்பானைக்கே வந்து சேர வேண்டியிருக்கிறது.

ஸாவு என்பது எடை அன்று

முதலில் தெளிய வேண்டியது ஒன்று உண்டு. நபி (ஸல்) அவர்கள் நோன்புப் பெருநாள் தர்மமாகப் பேரீச்சம்பழத்தில் ஒரு ஸாவு அல்லது வாற்கோதுமையில் ஒரு ஸாவு கொடுப்பதைக் கடமையாக்கினார்கள் என இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரீயிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. அதில் வரும் ஸாவு ஒரு முகத்தலளவை. அதாவது ஒரு பாத்திரம் கொள்ளும் அளவு. தராசில் ஏற்றும் எடைக்கல்லைக் குறிக்கும் சொல் அன்று அது. யூஸுஃப் அத்தியாயத்தில், தம்பியின் பொதியிலிருந்து எடுக்கப்பட்ட அரசரின் அளவைப் பாத்திரத்திற்குக் குர்ஆன் வழங்கும் பெயர் 'ஸுவாஉ'. ஸாவு என்ற சொல்லும் அதே வேரினது.

நான்கு முத் சேர்ந்தது ஒரு ஸாவு. முத் என்பது நடுத்தர உடல்வாகு கொண்ட ஒருவர் இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்து அள்ளும் அளவு. நபியவர்கள் ஒரு முத் தண்ணீரில் உளூச் செய்தார்கள், ஒரு ஸாவிலிருந்து ஐந்து முத் வரையிலான தண்ணீரில் குளித்தார்கள் என்ற செய்தியையும் இங்கே நினைவுகூரலாம். தண்ணீரையும் தானியத்தையும் பேரீச்சம்பழத்தையும் ஒரே பாத்திரத்தால் அளந்த சமூகம் அது. தண்ணீருக்கு இத்தனை எடை, பழத்திற்கு இத்தனை எடை என்ற கணக்கு அவர்களுக்குத் தேவைப்படவில்லை. பாத்திரம் நிறைந்தால் கடமையும் நிறைந்தது.

நபியவர்கள் எடைக்கு மக்கா வாசிகளின் எடையையும், முகத்தலுக்கு மதீனா வாசிகளின் அளவையையும் சான்றாக வைத்ததாக அபூதாவூத், நஸாயீ ஆகிய நூல்களில் ஒரு செய்தி உண்டு. இதன் பொருத்தத்தை எண்ணிப் பார்க்கத் தகும். மக்கா வணிக நகரம். பொன்னும் வெள்ளியும் தராசில் நிற்கும் ஊர். மதீனா வேளாண்மை ஊர். களத்தில் விளைச்சலைப் பாத்திரத்தால் அளப்பவர்கள் அங்கு வாழ்ந்தார்கள். எந்த அளவையை எவர் நாள்தோறும் கையாளுகிறாரோ அவரிடமே அதைக் கேட்க வேண்டும் என்ற நுட்பம் இதில் அடங்கியிருக்கிறது.

ஐம்பது வீடுகளின் சாட்சியம்

பாத்திரங்களுக்கு ஒரு குறை உண்டு. ஆட்சி மாறினால் அவற்றின் அளவும் மாறும். நபியவர்களின் காலத்து ஒரு ஸாவு, தம் காலத்து முத் அளவில் ஒன்றும் மூன்றில் ஒரு பங்குமாக இருந்தது என்றும், பின்னர் உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) காலத்தில் அது கூட்டப்பட்டது என்றும் ஸாயிப் இப்னு யஸீத் (ரலி) கூறியதைப் புகாரீ பதிவு செய்கிறது. கணக்கிட்டால், பழைய முத் மூன்று கொண்டது புதிய முத் ஒன்று. ஒரு நூற்றாண்டு முடிவதற்குள் பெயர் அப்படியே இருக்க, பாத்திரம் மும்மடங்காகிவிட்டது.

ஆகவே எந்த ஸாவு நபியவர்களின் ஸாவு என்ற வினா இமாம்களின் காலத்தில் எழுந்தது. இராக்கில் வழங்கிய ஸாவு எட்டு ராத்தல் கொண்டது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அதையே ஏற்றார்கள். மதீனாவின் ஸாவு ஐந்தும் மூன்றில் ஒரு பங்கு ராத்தல். இமாம் மாலிக், இமாம் ஷாஃபிஈ, இமாம் அஹ்மத் (ரஹ்) ஆகியோர் இதை ஏற்றார்கள்.

இமாம் அபூஹனீஃபாவின் தலைமாணவரான இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) மதீனா சென்றபோது நடந்ததாக பைஹகீ முதலியோர் அறிவிக்கும் நிகழ்ச்சி நம் சிந்தைக்குரியது. ஸாவின் அளவுக்கு ஆதாரம் என்ன என்று அவர் கேட்டார். மறுநாள் முஹாஜிர்கள், அன்ஸாரிகள் ஆகியோரின் வழித்தோன்றல்கள் ஏறத்தாழ ஐம்பது பேர், ஒவ்வொருவரும் தத்தம் மேலாடைக்குள் ஒரு ஸாவுப் பாத்திரத்தை ஏந்தி வந்தார்கள். இது என் தந்தை வழியே வந்தது, இது என் குடும்பத்தார் வழியே வந்தது, நபியவர்களின் ஸாவு இதுவே என்று ஒவ்வொருவரும் சாட்சி கூறினார். அபூயூஸுஃப் அவற்றை அளந்து பார்த்தார். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவாக, ஐந்தும் மூன்றில் ஒரு பங்கு ராத்தலாக இருந்தன. தம் ஆசிரியரின் கருத்தை இந்த ஒரு விஷயத்தில் விட்டு மதீனாவாசிகளின் கருத்துக்கு அவர் மாறினார்.

ஒரு பேரறிஞரின் முடிவை மாற்றியவை அன்று வீட்டு அடுக்களைப் பாத்திரங்கள். தலைமுறை தலைமுறையாகத் தானியம் அளந்த கைகள் அவற்றைப் பாதுகாத்திருந்தன. எனினும் ஹனஃபி மத்ஹபின் பொதுத் தீர்ப்பு எட்டு ராத்தலிலேயே நின்றது. கூடுதலாகக் கொடுப்பதில் ஏழைக்கு இழப்பு ஏதுமில்லை என்ற பேணுதலும் அதில் உண்டு.

ராத்தல், தோலா, கிலோ

ராத்தல் என்ற சொல்லைக் கேட்டதும் நம் வீட்டு மூத்தவர்களுக்கு ஆங்கிலேயர் காலத்துப் பவுண்டு எடை நினைவுக்கு வரும். ஒரு ராத்தல் பாண், ஒரு ராத்தல் சீனி என்று இலங்கைத் தமிழர் வழங்கியதும் அதுவே. அது 454 கிராம். ஆனால் அச்சொல் அரபியின் 'ரத்ல்' என்பதிலிருந்து வந்தது. பக்தாதின் ரத்ல் ஏறத்தாழ 400 கிராம். ஒரே சொல் கடல் கடந்து வேறொரு எடையைச் சுமந்துகொண்டது.

அந்த பக்தாத் ராத்தலுக்கும் எத்தனை திர்ஹம் எடை என்பதில் ஷாஃபிஈ அறிஞர்களிடையே நுணுக்கமான வேறுபாடு இருந்தது. இமாம் ராஃபிஈ (ரஹ்) 130 திர்ஹம் என்றார்கள். இமாம் நவவீ (ரஹ்) 128 திர்ஹமும் ஏழில் நான்கு பங்கும் என்றார்கள். இவ்வளவு துல்லியமாகக் கணக்கிட்ட இமாம் நவவீயே, ஸாவை எடையால் வரையறுப்பது கடினம், தானியத்திற்குத் தானியம் எடை மாறும், ஆகவே முகத்தலளவையே அடிப்படை என்ற கருத்தைச் சரியானதாக எடுத்துரைத்தார்கள். அளவுப் பாத்திரம் கிடைக்காதவர் குறையவில்லை என்று உறுதிப்படும் அளவுக்குக் கொடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

நம் துணைக்கண்டத்துக்கு வந்தபோது இந்தத் திர்ஹமும் மிஸ்காலும் தோலாவாக மாறின. ஹனஃபி உலமாக்கள் அரை ஸாவு கோதுமையை 140 தோலா எனக் கணக்கிட்டனர். ஒரு தோலா 11.66 கிராம். 140 தோலாவைப் பெருக்கினால் 1 கிலோ 633 கிராம் வருகிறது. நாம் முதல் பலகையில் கண்ட எண் இதுவே. அது கோதுமைக்கு மட்டும் உரிய அரை ஸாவு. ஹனஃபி மத்ஹபில் அதன் விலையைப் பணமாகவும் கொடுக்கலாம். கோதுமையில் பாதி ஏன்? முஆவியா (ரலி) ஷாம் தேசத்துக் கோதுமை பேரீச்சம்பழத்தைவிட உயர்ந்தது எனக் கருதி, அதில் இரண்டு முத் ஒரு ஸாவு பழத்துக்கு ஈடாகும் என்று கூறியதாகவும், தாம் பழையபடியே ஒரு ஸாவு கொடுத்து வருவதாகவும் அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கிறார்கள். இந்த ஒரு கருத்து வேறுபாட்டின் நிழல் இன்றும் நம் பலகைகளில் விழுகிறது.

மற்ற இரண்டு எண்களும் மதீனா ஸாவின் வழியே வந்தவை. அதன்படி ஒரு ஸாவு தரமான கோதுமை 2 கிலோ 40 கிராம் எனச் சமகால அறிஞர் சிலர் கணக்கிட்டுள்ளனர். பேணுதலாக மூன்று கிலோ என்போரும் உண்டு. நாட்டின் முதன்மை உணவு எதுவோ அதையே தானியமாகக் கொடுக்கும் ஷாஃபிஈ வழக்கில் நமக்கு அது அரிசி. அரிசிக்கு இரண்டரைக் கிலோ என்று சில ஜமாஅத்துகள் முழுமையாக்குகின்றன. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களின் ஷாஃபிஈ மரபும் உள்மாவட்டங்களின் ஹனஃபி மரபும் சென்னையில் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளாக வாழ்கின்றன. மூன்று பலகைகள் இருப்பதில் வியப்பில்லை.

மதராஸ் படி

இதே குழப்பம் நம் ஊருக்கும் புதிதன்று. தமிழர்கள் தானியத்தை நெடுங்காலம் முகந்தே அளந்தவர்கள். ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி அல்லது படி, எட்டுப் படி ஒரு மரக்கால் அல்லது குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் நெல்லை 'ஆடவல்லான்' என்ற மரக்காலால் அளந்ததையும், அது 'இராசகேசரி' என்ற மரக்காலுக்கு ஒப்பானது என்பதையும் கவனமாகக் குறிக்கின்றன. மரக்காலுக்குப் பெயர் வைத்ததற்குக் காரணம் உண்டு. எந்த மரக்கால் என்று சொல்லாமல் எத்தனை மரக்கால் என்று சொல்வதில் பொருளில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியிலும் மாவட்டத்துக்கு மாவட்டம் படி வேறுபட்டது. சின்னப்படி, பெரியபடி, பட்டணம்படி என்ற சொற்கள் அதன் எச்சங்கள். 19ஆம் நூற்றாண்டில் மதராஸ் படி 100 கன அங்குலம் என வரையறுக்கப்பட்டது. அதாவது ஏறத்தாழ 1.64 லிட்டர். அதில் எட்டில் ஒரு பங்கான அரைக்கால்படியே ஆழாக்கு, ஏறத்தாழ 205 மில்லிலிட்டர். ஆனால் வேறு பகுதிகளின் சிறிய படியில் ஆழாக்கு 168 மில்லிலிட்டர்தான். நன்னிமாவின் ஆழாக்கும் மாமியாரின் ஆழாக்கும் ஒத்துப்போகாமல் புது மருமகள் திகைத்த கதை பல வீடுகளில் உண்டு. தவறு மருமகளுடையது அன்று. இரண்டு ஊர்களின் படிகள் ஒரு அடுக்களையில் சந்தித்தன.

அளக்கும் முறையிலும் இரண்டு வகை இருந்தது. படியின் வாயைக் கையாலோ கோலாலோ வழித்துவிட்டால் அது தலைதட்டிய படி. கூம்பாகக் குவித்தால் அது குவித்த படி. மதராஸ் படியில் அரிசியைத் தலைதட்டி அளந்தால் 120 தோலா என்றும், குவித்து அளந்தால் 132 தோலா என்றும் பழைய கணக்கு. நம் அளவில் முறையே 1.4 கிலோவும் 1.54 கிலோவும் ஆகும். 120 தோலா என்பது பழைய வீசை. ஆக, தலைதட்டிய ஒரு படி அரிசி ஒரு வீசை எடை. முகத்தலும் நிறுத்தலும் கைகோத்த இடம் அது. தலைதட்டுவதற்கும் குவிப்பதற்கும் இடையே பத்தில் ஒரு பங்கு வேறுபாடு. வாங்கும்போது குவித்தும், விற்கும்போது தலைதட்டியும் அளப்பவனுக்கு ஒவ்வொரு படியிலும் அந்தப் பங்கு மிச்சம்.

இத்தகையோரைத்தான் முதஃப்பிஃபீன் அத்தியாயம் எச்சரிக்கிறது. மக்களிடம் அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, அவர்களுக்கு அளந்தோ நிறுத்தோ கொடுக்கும்போது குறைப்பவர்கள் என்று அது இரண்டு செயல்களையும் தனித்தனியே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மத்யன் வாசிகளிடம் ஷுஐப் (அலை) அவர்கள் ஓரிறைக் கொள்கைக்கு அடுத்தபடியாக வலியுறுத்தியதும் அளவையும் நிறுவையும் நேர்மையாக இருக்க வேண்டும் என்பதையே.

விடுதலைக்குப் பின் 1956ஆம் ஆண்டில் எடைகள், அளவைகளுக்கான தரச் சட்டம் இயற்றப்பட்டது. 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. 1960களின் தொடக்கத்தில் வணிகத்தில் அவை கட்டாயமாயின. படி, வீசை, பலம் ஆகியவை சட்டத்தின் பார்வையில் மறைந்தன. ஆனால் மக்களின் நாவில் மறையவில்லை. 1967 தேர்தலில் அறிஞர் அண்ணா ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்று வாக்களித்தார். கிலோக் கணக்கில் அவர் பேசவில்லை. ஆட்சிக்கு வந்தபின் அந்த ஆண்டே சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் தொடங்கியது. சட்டம் கிலோவுக்கு மாறிய பிறகும் ஏழையின் வயிறு படியால்தான் கணக்கிட்டது.

பாத்திரமும் தராசும் ஏன் உடன்படுவதில்லை

தியாகராய நகரின் உஸ்மான் சாலையை நாம் எல்லோரும் அறிவோம். 1934இல் மதராஸ் மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகப் பணியாற்றிய சர் முகம்மது உஸ்மானின் பெயர் தாங்கிய சாலை அது. அங்குள்ள பாத்திரக் கடைகளில் இன்று அளவுக் கோப்பைகளும் மின்னணுத் தராசுகளும் அடுத்தடுத்து விற்கின்றன. இரண்டையும் வாங்கி வந்து ஒரு சிறு சோதனை செய்தால் பிள்ளைகளின் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

ஒரு லிட்டர் கொள்ளும் பாத்திரத்தில் தண்ணீர் ஒரு கிலோ. அதே பாத்திரத்தில் அரிசி ஏறத்தாழ 850 கிராம். கோதுமை 780 கிராம் அளவில் நிற்கும். வாற்கோதுமை அதனினும் இலேசு. மைதா தளர்வாகக் கொட்டினால் அரைக் கிலோவைச் சற்றே தாண்டும். அழுத்தி நிரப்பினால் இன்னும் ஏறும். சமையல் எண்ணெய் 910 கிராம். ஒரு லிட்டர் எண்ணெய் உறையில் 910 கிராம் என்று அச்சிட்டிருப்பதன் காரணம் இதுவே. கடைக்காரர் 90 கிராமைக் குறைத்துவிடவில்லை. தேனோ 1.4 கிலோ வரை கனக்கும். தானிய மணிகளுக்கு இடையே உள்ள காற்று, மணியின் வடிவம், ஈரம், உமி ஆகிய எல்லாம் இந்த எடையை முடிவு செய்கின்றன. புது அரிசிக்கும் பழைய அரிசிக்கும்கூட வேறுபாடு உண்டு. ஆகவே இத்தனை கிராம் ஒரு கோப்பை என்று எந்தப் பொருளின் பெயரும் இல்லாமல் சொல்வது பயன்படாது.

பிற நாட்டாரும் இதைச் சந்தித்தனர். அமெரிக்கச் சமையல் நூலாசிரியர் ஃபேனி ஃபார்மர் 1896இல் வெளியிட்ட நூலில் கோப்பையையும் கரண்டியையும் தலைதட்டி அளக்க வேண்டும் என வலியுறுத்தினார். அந்நாட்டு அடுக்களைகள் இன்றும் ஏறத்தாழ 240 மில்லிலிட்டர் கோப்பையையே நம்புகின்றன. ஜப்பான் வணிகத்தில் மெட்ரிக் முறையைக் கட்டாயமாக்கி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆயினும் அரிசிக்கான அவர்களின் பழைய அளவான 'கோ' 180 மில்லிலிட்டர் கோப்பையாக மின்சாரக் குக்கருடன் உலகெங்கும் பயணிக்கிறது. நம் வீட்டுக் குக்கருடன் வந்த சிறு கோப்பை மற்றக் கோப்பைகளோடு ஒத்துப்போகாததன் காரணமும் அதுவே.

நம் ஊரில் படி இன்னும் உயிரோடு இருக்கும் இடம் ஒன்று உண்டென்றால் அது பிரியாணி தேக்சா. நிக்காஹ் விருந்துக்குப் பண்டாரியிடம் பேசும்போது அவர் எத்தனை படி என்றுதான் கேட்பார். அவருடைய ஒரு படி ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ அரிசி. மேலே கண்ட குவித்த மதராஸ் படியான 132 தோலா, 1.54 கிலோ என்பதை நினைத்துப் பாருங்கள். கெசட்டியர்களைப் படிக்காத பண்டாரியின் கையில் பழைய பட்டணத்துப் படி பிசகாமல் நிற்கிறது.

நோன்புக் கஞ்சியிலும் இதே இரட்டைக் கணக்கு நடக்கிறது. தமிழக அரசு நோன்புக் கஞ்சிக்காகப் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி வழங்குகிறது. அரசாணை மெட்ரிக் டன்னில் பேசும். மூட்டை கிலோவில் வரும். கஞ்சி காய்ச்சுபவர் படியில் அளந்து உலையில் இடுவார். நோன்பாளி ஒரு குவளையில் பெறுவார். திருவல்லிக்கேணியில் 1795இல் கட்டப்பட்ட வாலாஜா பெரிய பள்ளிவாசலில், மயிலாப்பூரைச் சேர்ந்த சூஃபிதார் அறக்கட்டளையின் சிந்தி அன்பர்கள் பல்லாண்டுகளாக இஃப்தார் உணவு சமைத்துக் கொண்டுவந்து பரிமாறுகிறார்கள். அங்கே வரிசையில் அமர்ந்திருப்பவருக்குத் தம் முன் உள்ள உணவு எந்த அளவையில் கணக்கிடப்பட்டது என்பது பொருட்டல்ல. அது நிறைவாக இருக்கிறதா என்பதே பொருட்டு.

ஒரு ஸாவு எத்தனை படி?

இப்போது பிள்ளைகளின் கேள்விக்குத் திரும்புவோம். மதீனா ஸாவை 2.75 லிட்டர் எனக் கொள்ளும் கணக்கு பரவலாக உள்ளது. அதன்படி ஒரு ஸாவு அரிசி ஏறத்தாழ 2.3 கிலோ, அதே ஸாவு கோதுமை 2.1 கிலோ, வாற்கோதுமையானால் 1.7 கிலோ அளவில் நிற்கும். பாத்திரம் ஒன்று, எடை மூன்று. மதராஸ் படியில் சொன்னால், தலைதட்டிய ஒன்றரைப் படிக்குச் சற்று மேல். இரண்டு படி முழுமையாகக் கொடுத்தால் அது 2.8 கிலோ அரிசி. மூன்றாவது பலகையின் பேணுதலான எண்ணை நெருங்கிவிடுகிறது.

ஆகவே மூன்று பலகைகளும் மூன்று மார்க்கங்களைச் சொல்லவில்லை. ஒன்று கோதுமையை, எட்டு ராத்தல் கணக்கில், பாதி ஸாவாகச் சொல்கிறது. ஒன்று அரிசியை மதீனா ஸாவில் சொல்கிறது. ஒன்று அதே ஸாவைப் பேணுதலுடன் உயர்த்திச் சொல்கிறது. எடையாக மாற்றிய ஒவ்வொரு எண்ணுக்குள்ளும் ஒரு தானியத்தின் பெயரும், ஓர் ஊரின் ராத்தலும், ஓர் இமாமின் ஆய்வும் மறைந்திருக்கின்றன. அவற்றை அறியாமல் எண்களை மட்டும் ஒப்பிட்டுப் பெருநாள் நேரத்தில் ஒருவரையொருவர் குறைகூறிக் கொள்வது நமக்கு அழகன்று. தத்தம் மத்ஹபின்படி தத்தம் ஜமாஅத்தின் ஹஜ்ரத்திடம் கேட்டு நிறைவேற்றுவதே முறை.

எனினும் இந்த வரலாறு நமக்கு ஒரு பாடத்தைத் தெளிவாகத் தருகிறது. ஓர் அளவையிலிருந்து மற்றோர் அளவைக்கு மாற்றும்போதெல்லாம் ஒரு சிறு பின்னம் மிஞ்சும். திர்ஹமில் ஏழில் நான்கு பங்கு, தோலாவில் சில கிராம், படியில் குவியலின் கூம்பு. அந்தப் பின்னம் யாருக்குப் போக வேண்டும் என்பதே கேள்வி. அங்காடியில் குறைப்பவன் அதைத் தன் பக்கம் இழுத்தான். இமாம்கள் அதை ஏழையின் பக்கம் தள்ளினார்கள். 2.3 கிலோ என்று கணக்கு வந்தால் இரண்டரையாக்குவதும், இரண்டரை என்றால் மூன்றாக்குவதும் கணக்குப் பிழை ஆகாது. பெறுபவரின் உரிமை குறையவில்லை என்ற உறுதிக்கு நாம் கொடுக்கும் விலை அது. தலைக்கு அரைக் கிலோ கூடுதல் என்றால், ஐந்து பேர் கொண்ட வீட்டில் இரண்டரைக் கிலோ அரிசி. அதனால் நமக்கு வறுமை வந்துவிடாது. பெறும் வீட்டிலோ அது இன்னும் சில வேளைச் சோறு.

இந்த ஆண்டு ஃபித்ரா அரிசியை எடுத்து வைக்கும் நாளில் ஒன்றைச் செய்து பார்க்கலாம். கடையில் கட்டிய பொட்டலத்தை அப்படியே அனுப்புவதற்கு முன், பிள்ளைகளை அருகே அமர்த்தி, வீட்டுப் பெரியவர் இரு கைகளையும் சேர்த்து நான்கு முறை அரிசியை அள்ளி ஒரு பாத்திரத்தில் இடட்டும். பிறகு அதைத் தராசில் வைத்துப் பாருங்கள். வாப்பாவின் கைக்கும் மகனின் கைக்கும் எண் வேறுபடும். அந்த வேறுபாட்டைக் கண்ட பிள்ளை, பலகைகளில் மூன்று எண்கள் இருப்பதைப் பற்றிப் பிறகு குழம்பாது. பழைய படியோ ஆழாக்கோ வீட்டில் கிடந்தால் அதையும் எடுத்துத் துலக்கி வையுங்கள். மதீனாவில் ஐம்பது குடும்பங்கள் தம் பாத்திரங்களைப் பத்திரப்படுத்தியிருந்ததால்தான் அபூயூஸுஃப் இமாமுக்கு விடை கிடைத்தது.

உணவை அளந்து பயன்படுத்துங்கள், அதில் பரக்கத் செய்யப்படும் என்ற கருத்தில் நபிமொழி ஒன்று புகாரீயில் உள்ளது. அளப்பது கஞ்சத்தனத்திற்கு அன்று. யாருக்கும் குறையாமல் இருப்பதற்கு. நம் அளவையையும் நிறுவையையும் நேர்மையாக்கி, நம் நோன்பையும் ஃபித்ராவையும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. பெருநாள் காலையில் எந்த வீட்டு அடுப்பும் அணைந்திருக்காத நிலையை நம் ஊருக்கு அவன் அருள்வானாக. ஆமீன்.